போஸ்டரை ஒட்டிவிட்டு மலையேறினேன்

போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. அதில் பெயர் போட்டிருந்த பாட்டுக்காரர்களைத்தான் எங்களில் யாரும் இன்னும் பார்க்கவில்லை.

இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு. சென்னையில் விஸ்காம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வகுப்பில் நாலைந்து பேருக்கு ஒரு கிறுக்கு இருந்தது. ஊர் பேர் தெரியாதவர்கள் சொந்தச் செலவில் போட்ட பாட்டுக் கேசட்டுகள், கையால் வரைந்த அட்டைகள், நல்ல எழுத்தில் எழுதிய கடைப் பலகைகள் என்று தேடித் தேடிப் போவோம். பார்த்ததை எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, ஸ்டேப்ளர் அடித்து கேன்டீன் வாசலில் நின்று விற்போம். நாங்கள் அதை இதழ் என்றோம். வாங்கியவர்கள் நோட்டீஸ் என்றார்கள்.

அந்தக் கேசட்டைக் கொண்டுவந்தவள் என் வகுப்புத் தோழி கவிதா. விடுமுறைக்கு ஊருக்குப் போனவள், பேளுக்குறிச்சிச் சந்தையில் அப்பாவோடு மிளகு வாங்கப் போன இடத்தில் ஒரு மினி பஸ் கண்டக்டரிடம் வாங்கினாளாம். குழுவின் பெயர் ‘கொண்டை ஊசி’. அட்டையைப் பார்த்ததும் நான் வாயடைத்துப் போனேன். அந்தப் பெயரை யாரோ மலைப்பாதையாகவே வரைந்திருந்தார்கள். எழுத்துகள் வளைந்து வளைந்து மேலே ஏறின. கடைசி எழுத்து அட்டையின் விளிம்பில், பாதி வெளியே தொங்கியது. கறுப்பு மையில் ஜெராக்ஸ் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் கையால் மஞ்சள் பூசியிருந்தார்கள். வடிவமைப்பு வகுப்பில் ஒரு வருடமாகச் சொல்லிக்கொடுத்தும் எங்கள் கைக்கு வராதது அது.

உள்ளே ஒரு கிதார், ஒரு பெண் குரல், இன்னதென்று தெரியாத ஒரு தாளம். பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டே பாடுவது மாதிரியான குரல்தான். ஆனால் கேட்டால் நம் வேலை ஓடாது. தாளக் கருவியைப் பற்றித்தான் ஹாஸ்டலில் சண்டையே நடந்தது. ஒருத்தி கஞ்சிரா என்றாள், ஒருத்தி எண்ணெய் டின் என்றாள்.

புதுப் பாட்டுக்காரர்களை வைத்து ஒரு மாலை நிகழ்ச்சி நடத்தத் துறைத் தலைவரிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கினோம். கவிதா ஊருக்குப் போன் போட்டு அப்பாவிடம் சொல்ல, அவர் சந்தையில் அந்தக் கண்டக்டரைப் பிடித்துக் கேட்க, கண்டக்டர் “பாக்கலாங்க” என்றாராம். அந்த ஒரு வார்த்தையை நம்பி நான் போஸ்டர் வரைந்தேன். அச்சடித்து, சுவர் சுவராக ஒட்டினோம். ஒட்டிவிட்டுக் கை கழுவும்போதுதான் கவிதா மெதுவாகச் சொன்னாள்: “எங்கூர்ல பாக்கலாங்கன்னா பாக்கலாம்னு மட்டுந்தான்டி அர்த்தம்.”

துறைத் தலைவர் நிதானமாகச் சொல்லிவிட்டார். பாட்டுக்காரர்கள் வந்தால் நிகழ்ச்சி. வரவில்லை என்றால் இனி இந்த மாதிரிக் கிறுக்குத்தனத்துக்கு ஹாலும் கிடையாது, கல்லூரிக்குள் நோட்டீஸ் விற்பதும் கிடையாது. யாராவது நேரில் போய்க் கூட்டி வர வேண்டும். போஸ்டர் போட்டவள் நான் என்பதால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் மன்னார்குடிப் பக்கம் வயல்வெளியில் வளர்ந்தவள். எங்கள் ஊரில் உயரமான இடம் என்றால் ஆற்றங்கரை மேடுதான். ஹாஸ்டல் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது கைப்பிடிச் சுவர் பக்கமே போகமாட்டேன், என் துணி எப்போதும் நடுக்கொடியில்தான் கிடக்கும். அப்படிப்பட்டவளைக் கொல்லிமலைக்கு அனுப்பினார்கள்.

முதல் நாள் கவிதா வீட்டில் தங்கினேன். மலையடிவாரத்தில் மரவள்ளிக் காட்டுக்கு நடுவே வீடு. கூட வருவதாகச் சொல்லியிருந்த கவிதா, வந்த அன்றே வரப்பில் வழுக்கிக் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் அம்மா கம்பஞ்சோறும் தட்டைப்பயிறுக் குழம்பும் போட்டார். அவ்வளவு ருசி. ஆனால் கொல்லைப்புறம் கை கழுவப் போனவள் அண்ணாந்து பார்த்துவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் வானம் இருக்க வேண்டிய இடத்தில் மலை நின்றது.

கவிதாவின் அப்பா எனக்குத் தைரியம் சொல்லத்தான் நினைத்தார். “ஒண்ணும் பயமில்ல கண்ணு. எழுவது வளைவு, அவ்வளவுதான். மேகம் எறங்கிருச்சுன்னா டிரைவருக்கு ரோடு தெரியாது. ஆனா அவிங்களுக்குப் பழக்கம்.”

“கரடி இருக்குமாங்கப்பா?” என்றேன்.

“இருக்கும். ரோட்டுக்கு வராது. கொல்லிப் பாவை சிரிச்சுக் கொல்லும்பாங்க, அதுவும் ஆம்பளைங்களத்தான். உனக்கென்ன சாமி, தைரியமாப் போயிட்டு வா.”

மறுநாள் காலை பஸ் ஏறினேன். அடிவாரம் வந்ததும் பஸ்ஸுக்குள் ஓர் ஏற்பாடு நடந்தது. யாரும் சொல்லாமலே, வாந்தி எடுக்கிறவர்கள் ஜன்னலோரத்துக்கும் எடுக்காதவர்கள் உள்பக்கத்துக்கும் மாறி உட்கார்ந்தார்கள். பக்கத்து சீட் அம்மாள் என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு எழுந்து ஜன்னலைக் கொடுத்தார். மடியிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து, நகத்தால் கீறி, என் கையில் வைத்தார்.

“மோந்துகிட்டே வாங்க கண்ணு. கீழ மட்டும் பாக்காதீங்க.”

கீழே பார்க்காதே என்றால் கண் கீழேதான் போகிறது. முதல் சில வளைவுகளில் மரங்கள் மறைத்தன. அப்புறம் மரங்களின் உச்சி எங்களுக்குக் கீழே போய்விட்டது. ஒவ்வொரு வளைவிலும் பஸ்ஸின் மூக்கு ரோட்டைத் தாண்டி வெளியே நீண்டு, டிரைவர் முன்னால் வெறும் ஆகாசம் தெரிந்து, அதற்கப்புறம்தான் திரும்பியது. எழுதும்போது உள்ளங்கை இப்போதும் வியர்க்கிறது. வாந்தி மட்டும் வரவில்லை. பயம் அதற்குக்கூட இடம் கொடுக்கவில்லை போலிருக்கிறது. மேலே இறங்கியபோது எலுமிச்சம்பழத்தில் சொட்டுச் சாறு இல்லை. பிழிந்தே தீர்த்திருந்தேன்.

செம்மேட்டு பஸ் ஸ்டாண்டில் குளிர் காதைப் பிடித்தது. அன்னாசிப் பழத்தை அரிந்து மிளகாய்த்தூள் தூவி விற்றார்கள். ஒரு துண்டு தின்றதும்தான் கால் தரையில் நிற்பதை நம்பினேன். சுற்றிப் பார்த்தால், டீக்கடைக்கு எதிரே நீல மினி பஸ். நெற்றியில் அது போகும் பகுதியின் பெயர், ‘தேவனூர் நாடு’ என்று எழுதியிருந்தது. அந்த எழுத்தைப் பார்த்ததும் எனக்குப் பயம் விட்டுப்போயிற்று. கேசட் அட்டையில் இருந்த அதே வளைவு, அதே கடைசி எழுத்துத் தொங்கல். பிரம்பு மாதிரி மெலிந்த காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் படியில் நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

“இந்த எழுத்து நீங்க எழுதினதாண்ணா?” என்று மூச்சு வாங்கக் கேட்டேன்.

“ஆமாங்க. ஏனுங்க, தப்பா இருக்குதுங்களா?”

அவர்தான் அரப்பளி. அங்கே பல ஆண்களுக்கு அந்தப் பெயர், மலைமேல் இருக்கும் சாமியின் பெயர். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் சில வருடம் பெயர் எழுதும் வேலை பார்த்துவிட்டு, வீட்டு நினைப்பு வந்து மலைக்கே திரும்பி கண்டக்டர் ஆனவர். நான் யாரென்று சொன்னதும் சிரிப்பு மறைந்து, சுற்றுமுற்றும் பார்த்தார்.

“மெட்ராஸ்ல இருந்துங்களா? ஏறுங்க. பாடறவங்க ஊட்டுலயே எறக்கி உடறேன். ஆனா பஸ்ஸுக்குள்ள கேசட்டப் பத்தி வாயே தொறக்கக் கூடாதுங்க.”

எனக்கு விளங்கவில்லை. ஏறி உட்கார்ந்தேன். கடைசி ஆள் ஏறியதும் அரப்பளி வெளியே கை நீட்டி பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஹாஸ்டலே கூடிச் சண்டை போட்ட தாளக் கருவி அதுதான். பஸ்!

போகப் போக அவரே குரலைத் தாழ்த்திச் சொன்னார். “ரெண்டு தட்டுனா போ, ஒண்ணு தட்டுனா நில்லு. பின்னால வாரப்ப மட்டும் நான் கீழ எறங்கி, பின்னாடி நின்னு உடாமத் தட்டிக்கிட்டே இருப்பனுங்க. அந்தத் தட்டு கேக்கற வரைக்கும் அண்ணன் வருவாரு. ஓங்கி ஒண்ணு போட்டா நிறுத்திருவாரு. மேகம் எறங்கிருச்சுன்னா கண்ணாடியில எதுவும் தெரியாதுங்க. காதுதான்.”

அண்ணன் என்றது டிரைவர் தங்கராசுவை. ஐம்பது வயது, தலையில் மப்ளர். மதியம் டிரிப் இல்லாத நேரத்தில், மழை பிடித்த நாளில், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு பஸ்ஸுக்குள்ளேயே, பாடுகிறவரோடு சேர்ந்து மூன்று பேரும் பாட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள். டிரைவர் வேலை டேப்ரிக்கார்டர் பொத்தானை அமுக்குவது. முதல் பாட்டு முழுக்கக் கிதார். இரண்டாவது பாட்டு, பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது போடும் அந்த விடாத தட்டோடு தொடங்கும். ராசிபுரத்தில் நகல் எடுத்து, இந்த ஒரு பஸ்ஸில்தான் போடுகிறார்கள். மலையில் ஒரு ரேடியோ நிலையம் நீல நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது என்று இதழுக்கு மனசுக்குள் எழுதிக்கொண்டேன். சமமான ரோட்டில் மட்டும்தான் பாட்டு. சரிவு வந்தால் தங்கராசு அணைத்துவிடுவார்.

பாடுகிறவர் ஜெசிந்தா அக்கா, தேவனூர் நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில் கிராம நர்ஸ். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரைக் கிராமத்துக்காரர். மாதா கோயில் பாடற்குழுவில் கிதார் பழகியவர். வேலைக்கு வந்து மூன்று வருடமாக மலையில் தனியாக இருந்தார். துணை சுகாதார நிலையத்தோடு ஒட்டிய ஒற்றை அறைதான் வீடு. மாலையில் போய் நின்றேன். சாமைச் சோறும், ஊரிலிருந்து வந்த கருவாட்டுக் குழம்பும் போட்டார். மலைத் தானியத்துக்கும் கடல் மீனுக்கும் அப்படி ஒரு பொருத்தம் இருக்குமென்று நான் நினைக்கவே இல்லை.

கருவாட்டை முள் பிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். போஸ்டரைப் பையிலிருந்து எடுத்து விரித்தேன். அக்கா பார்த்தார். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“ஏட்டி, எவளக் கேட்டுப் போட்ட இத?”

“அரப்பளி அண்ணன் பாக்கலாம்னு...”

“அவன் எல்லாத்துக்கும் பாக்கலாம்பான். நான் வரமாட்டேன். இங்க இருக்கவங்களுக்கே நான்தான் பாடுதேன்னு தெரியாது. தெரியவும் கூடாது.”

ஏன் என்று கேட்டேன். அக்கா சொன்ன காரணம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. வலி வந்தும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொள்கிற வீடுகளில் அவர் கதவைத் தட்டிப் பேச வேண்டும். மாமியார்களை மிரட்ட வேண்டும். “பஸ்ஸுல பாடுற பாட்டுக்காரின்னு தெரிஞ்சா எவ என் பேச்சக் கேப்பா? வேடிக்கையாப் போயிரும்ட்டி. அப்புறம் ஒரு பிள்ள செத்துச்சுன்னா?” கீழே வைத்த கரண்டியை எடுத்துக் குழம்பைக் கிளறிக்கொண்டே, “அதுவும் போக, எனக்கு மேடைன்னா பயம். நாலு பேரு மூஞ்சியப் பாத்தா தொண்ட அடச்சிரும். கோயில்லகூட தூணுக்குப் பின்னால நின்னுதான் பாடுவேன்,” என்றார்.

எனக்கும் பயம்தான். ஊர் திரும்பி என்ன சொல்வேன், சுவர் சுவராக ஒட்டியதை எப்படிக் கிழிப்பேன், இதழ் என்ன ஆகும் என்றே மனசு ஓடியது. கூரைத் தகட்டில் மழை பிடித்துக்கொண்டது. பாத்திரம் கழுவிவிட்டுப் படுத்தோம்.

மூன்றாம் நாள் காலை அக்காவும் என்னோடு பஸ் ஏறினார். செம்மேட்டுப் பக்கம் போய்த் தடுப்பூசி மருந்து வாங்கி வர வேண்டும், ஐஸ் பெட்டி மடியில் இருந்தது. வெளியே வெள்ளையாக ஒன்றுமே இல்லை. எங்கள் ஊர் மார்கழிப் பனி வயல்மேல் சாதுவாகக் கிடக்கும், வெயில் வந்தால் எழுந்து போய்விடும். இது ஜன்னல் வழியாக உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.

தங்கராசு கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். “என்ன கண்ணு, பேயறஞ்ச மாரி இருக்கறே? இரு, பாட்டுப் போடறேன்.” சமமான ரோடுதான், அவர் வழக்கத்தை மீறவில்லை. கேசட் ஓடியது. பின் சீட்டுக்கு மேலே இருந்த ஸ்பீக்கரில் கிதார் வந்தது. ஜெசிந்தா அக்கா தலையைக் குனிந்துகொண்டார். முன் சீட்டில் பலாப்பழத்தை மடியில் வைத்திருந்த ஓர் அம்மாள் கூடவே முணுமுணுத்தார். சுற்றி எல்லோருக்கும் அந்தப் பாட்டு மனப்பாடம். பாடியவர் யாரென்று மட்டும் தெரியாது.

முதல் பாட்டு முடிந்தது. கேசட்டில் அமைதி. அவர்களே செய்த பதிவு என்பதால் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே வெகுநேரம் வெறும் டேப் ஓடும். அந்த நேரம் பார்த்து எதிரே மஞ்சள் வெளிச்சம் இரண்டு தெரிந்தது. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி. ஒற்றை ரோடு. சுமை ஏற்றிய வண்டிக்கு மற்றது வழிவிட வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். வளைவில் அகலமான இடம் எங்களுக்குப் பின்னால் இருந்தது. அரப்பளி குதித்து இறங்கிப் பின்னால் ஓடினார். உடனே அவர் காணாமல் போனார், அவ்வளவு மேகம்.

தகரத்தில் தட்டு விழுந்தது. தடதட தடதட என்று நிதானமாக, விடாமல். பஸ் பின்னால் நகர்ந்தது. நான் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பின்னால் போகும்போது வயிறு முன்னாலேயே நின்றுவிடும் என்பது அன்றுதான் தெரிந்தது.

தட்டு நிற்கவில்லை. பஸ்ஸும் நிற்கவில்லை. இவ்வளவு தூரம் பின்னால் இடம் இருக்கிறதா என்று நினைத்தேன். ஆனால் எனக்கென்ன தெரியும்? நடுவில் ஒரு தட்டு கொஞ்சம் பலமாக விழுந்த மாதிரி இருந்தது. தடதட தடதட தொடர்ந்தது. மற்றவர்கள் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஜெசிந்தா அக்கா மட்டும் தலையைத் தூக்கினார். காதைக் கொடுத்துக் கேட்டார். முகம் வெளுத்தது.

“அண்ணே, அது அரப்பளி இல்ல! கேசட்டு! ரெண்டாவது பாட்டு! நிறுத்துங்கண்ணே!”

அதே நொடியில் ஸ்பீக்கரில் தட்டுக்கு மேலே குரல் எழும்பியது. அக்காவின் குரல், பாடும் குரல். பக்கத்தில் அக்காவின் குரல், கத்தும் குரல். இரண்டும் ஒன்றாகக் கேட்டன. தங்கராசு பிரேக்கில் ஏறி நின்றார். பின்பக்கம் ஒரு குலுங்கு குலுங்கி, இடப்பக்கமாக மெல்லச் சாய்ந்து நின்றது.

வெளியே அரப்பளி நில்லு நில்லு என்று அலறிக்கொண்டு, இரண்டு கையாலும் தகரத்தை அறைந்துகொண்டிருந்தார். எப்போது தொடங்கினாரோ. அதே தகரம், அதே கை, அதே பின்பக்கம். எது மனிதன் எது கேசட் என்று எந்தக் காதுக்குத் தெரியும்?

“யாரும் அசையாதீங்க சாமி,” என்றார் தங்கராசு. ஒரு கால் பிரேக்கில், ஒரு கை ஹேண்ட் பிரேக்கில், மறு கை ஸ்டியரிங்கில். பாட்டை அணைக்கக் கை இல்லை. அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. நான் ஜன்னலைப் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. வெள்ளை கொஞ்சம் விலகியிருந்தது. எனக்குக் கீழே ரோடு இல்லை. ஒரு சில்வர் ஓக் மரத்தின் உச்சி, அதைச் சுற்றிய மிளகுக் கொடி, அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. செத்துவிடுவேன் என்று நினைத்தேன். அம்மாவை நினைத்தேன். வெட்கக்கேடாக, போஸ்டரையும் நினைத்தேன்.

ஜெசிந்தா அக்கா ஐஸ் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அவர் மேடைக்குப் பயப்படுகிறவர் என்று அப்போது பார்த்தவர்கள் நம்பமாட்டார்கள். “பின்னால இருக்கவங்க மொதல்ல. குனிஞ்சு, ஒவ்வொருத்தரா. ஓடக் கூடாது,” என்று பிரசவ அறையில் பேசுகிற மாதிரி சொன்னார். கதவு முன்பக்கம் இருந்தது எங்கள் பாக்கியம். பலாப்பழ அம்மாள் மட்டும் பழத்தோடுதான் இறங்குவேன் என்று அடம்பிடித்தார்.

“பழத்த உட்டுட்டு வாக்கா!” என்று வெளியிலிருந்து அரப்பளி கத்தினார்.

“மூணு நாளாப் பழுக்க வச்சிருக்கறன், எப்படிரா உடறது?”

அந்த நிலையிலும் யாரோ சிரித்தார்கள். என் முறை வந்தபோது கால் வரவில்லை. உண்மையாகவே வரவில்லை. அக்கா என் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கி, கோணிப்பையைத் தள்ளுவதுபோலத் தள்ளிவிட்டார். ரோட்டில் விழுந்து, ஈரத் தாரில் கன்னத்தை வைத்துக் கிடந்தேன். எழுந்திருக்க மனசே இல்லை.

லாரிக்காரர்கள் கயிறு கட்டி பஸ்ஸை முன்னால் இழுத்துவிட்டார்கள். இடது பின்சக்கரம் நின்ற இடத்தில் மண் பாதி சரிந்திருந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அரப்பளி ரோட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கராசு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். “டேப்பு முடிஞ்சிருச்சுன்னு நெனச்சுட்டண்டா,” என்றார்.

பலாப்பழ அம்மாள் நேராக ஜெசிந்தா அக்காவிடம் வந்தார். அக்கா ஒரு கையால் என் தோளைப் பிடித்தார்.

“ஏனுங்க நர்சம்மா, அந்தப் பாட்டுக்காரி நீங்கதானுங்களா?”

அக்கா நிமிர்ந்து பார்த்தார். “ஆமா,” என்றார்.

“அப்பறம் ஏனுங்க, எங்க ஊட்டுக்கு வாரப்பல்லாம் வெறும் ஊசிய மட்டும் போட்டுட்டுப் போறீங்க?”

அக்கா அழுதாரா சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது. இரண்டும்தான். அந்த அம்மாள் அங்கேயே பலாப்பழத்தைப் பிளந்து, சுளை சுளையாக எல்லோருக்கும் கொடுத்தார். ரோட்டோரம் நின்று தின்ற அந்தச் சுளையைப்போல் இன்னொன்றை நான் தின்றதில்லை.

செம்மேட்டில் பஸ்ஸை நிறுத்தியதும் தங்கராசு ஸ்க்ரூ டிரைவர் வாங்கி, கேசட் பிளேயரையும் ஸ்பீக்கரையும் கழற்றிச் சாக்கில் கட்டினார். யாரும் சொல்லவில்லை, அவரே செய்தார். அவர்கள் பாட்டைப் போட்ட ஒரே பஸ் அதுதான். சென்னைப் பேச்சை எடுக்க எனக்கு வாய் வரவில்லை. டீ குடித்தோம்.

ஜெசிந்தா அக்காதான் எடுத்தார். “ஏட்டி, ஒங்க காலேஜு மேட எவ்வளவு ஒயரம்?”

“மூணடி இருக்கும்க்கா.”

“விழுந்தா மூணடிதான?” டீயை ஊதினார். “வாரேன்.”

அரப்பளி கண்ணாடி டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தார். “நானும் வாரனுங்க. ஆனா தகரத்துல இனிமேப் பாட்டுத் தட்டமாட்டேன். அது வண்டிக்கு மட்டுந்தானுங்க.” அந்தத் தாளத்துக்காகத்தான் நாங்கள் பைத்தியமாக அலைந்தோம். “சரிண்ணா” என்றேன்.

அன்றே மலை இறங்கினேன். பயம் தெளிந்துவிட்டது என்று எழுதினால் பொய். ஏறும்போதாவது தெரியாத பயம், இறங்கும்போது தெரிந்த பயம். வளைவுகள் அத்தனையிலும் கண்ணை மூடிக்கொண்டு, கண்டக்டரின் விசில் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டே வந்தேன்.

நிகழ்ச்சி அன்று ஹால் நிரம்பியிருந்தது. துறைத் தலைவர் முன் வரிசையில். ஜெசிந்தா அக்கா கிதாரை மார்போடு அணைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார், முகத்தில் ஈயாடவில்லை. தாளத்துக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்று எனக்கு இன்னும் தெரியாது. அரப்பளி மேடையைச் சுற்றிப் பார்த்தார். ஓரத்தில், என் போஸ்டர் ஒட்டிய பிளைவுட் பலகை ஒன்று சாய்த்து வைத்திருந்தது. அதை எடுத்துவந்து திருப்பி, எழுத்து தன் பக்கம் இருக்குமாறு மடியில் சாய்த்துக்கொண்டு, பலகையின் முதுகில் விரலால் தொட்டுப் பார்த்தார்.

அக்கா அவரைப் பார்த்துத் தலையசைத்தார். அரப்பளி கையைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நிறுத்தி, தலையைத் திருப்பி, தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று நன்றாகப் பார்த்தார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

பின்னால் திரை மட்டும்தான் இருந்தது. அதற்கப்புறம்தான் தட்டினார்.